நயினார் சார் மேசைக்கு அடியில்

கழட்டிட்டீங்கள்லா? சரி, எந்திரிங்க தம்பி. முட்டியெல்லாம் தூசி பாருங்க. மேசைக்கு அடியில குனிஞ்சு கூட்டுத ஆளு இந்தக் காலேஜ்ல ஒருத்தன் கிடையாது. தட்டி விட்டுட்டு இந்த நாற்காலியில உக்காருங்க.

கேக்குதா சத்தம்? லேப்ல இருந்துதான். நெட்டு வந்துட்டு, நெட்டு வந்துட்டுன்னு கத்துதானுவ. பஞ்சத்துல கெடந்தவன் சோத்துப் பானையைக் கண்ட மாதிரி. நீங்க என் வைஃபை பெட்டியில இருந்து ஒயரை உருவினீங்க, அங்க நெட்டு வந்துட்டு. உடனே என்னைத் திரும்பி ஒரு பார்வை பாக்கீங்க. காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை தம்பி இது. அதுக்காகக் காக்காதான் பழத்தைப் பறிச்சுதுன்னு யாராவது சொல்லுவாங்களா?

இருங்க, இருங்க. பிரின்ஸ்பால் ரூமு எங்கயும் ஓடிராது. டீ சொல்லியிருக்கேன். உங்க பேரு என்ன சொன்னீங்க, டென்சிங்கா? நல்ல பேரு. நெட் கம்பெனிக்காரன் வாரான் வாரான்னு சொல்லிச் சொல்லி இன்னிக்குத்தான் வந்திருக்கீங்க. வந்ததும் வராததுமா நேரா என் மேசைக்கு அடியில போயிட்டீங்க. யாரு சொல்லிவிட்டா? அந்தப் பிள்ளைதான? வாசல்லயே மறிச்சுச் சொல்லியிருப்பா.

அந்த ஜன்னல் வழியாப் பாருங்க. சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல யூனிபார்ம் போட்டுட்டு, கையில ஹால் டிக்கெட்டோட நிக்கால்லா, அவதான். பிரம்மசக்தி. கம்ப்யூட்டர் டிப்ளமோ, கடைசி செமஸ்டர். இன்னிக்கு நெட்வொர்க் பிராக்டிகல் பரீட்சை. காலை பேட்ச்ல அவளை உள்ள விடல. நெட்டைக் கெடுத்தது அவதான்னு நான் சொன்னேன், பிரின்ஸ்பால் நிப்பாட்டி வச்சுட்டாரு. இப்ப அந்த மனுசன் என்ன சொல்லியிருக்காருன்னா, நெட் கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டு "இது அந்தப் பிள்ள வேலை இல்ல"ன்னு சொல்லிட்டா மத்தியான பேட்ச்ல உக்காரலாமாம். சொல்லலன்னா அடுத்த பரீட்சைக்குத்தான் வரணும். அதுக்குள்ள அவளுக்குக் கெடச்ச வேலை போயிரும். மெட்ராஸ்ல வெப்சைட் செய்யுத ஏதோ ஒரு கம்பெனி எடுத்திருக்கான். அரியர் இல்லாம வந்தாத்தான் சேத்துக்குவானாம்.

ஆக, உங்க வாயிலதான் இருக்கு எல்லாம். அதான் சொல்லுதேன், போறதுக்கு முன்னாடி என் பக்கத்தையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. நான் ஆறுமுகநயினார். இந்த டிப்பார்ட்மென்ட்டுல சீனியர் லெக்சரர். வெப் டிசைனும் நான்தான், நெட்வொர்க்கும் நான்தான். வேற யாருக்கும் பாடம் நடத்தத் தெரியாது, என்ன செய்ய.

பிரின்ஸ்பாலுக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது. அவரு மெக்கானிக்கல். லேத்து மிஷினைப் பத்திக் கேளுங்க, மத்தியானம் வரைக்கும் பேசுவாரு. கம்ப்யூட்டருன்னா அவருக்கு ஒரு டிவி, அம்புட்டுதான். நீங்க சொல்லுததுதான் அவருக்கு வேதம்.

அந்தப் பிள்ள விஷயத்துக்கு வாரேன். முதல் நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது அடங்குத கூட்டம் இல்லன்னு. அம்மைக்காரி உப்பளத்துல வேலை. தகப்பன் இல்ல. நமக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது தம்பி, நான் யாரையும் வித்தியாசமாப் பாக்குத ஆளு இல்ல. ஆனா வந்த இடத்துல கொஞ்சம் அடக்கமா இருக்கணும்லா? நான் நோட்ஸ் சொல்லிட்டு இருக்கேன். எல்லாரும் எழுதுதானுவ. இவ கையைத் தூக்குதா. "சார், இதைக் கம்ப்யூட்டர்ல செஞ்சு பாக்கலாமா?" அப்படிங்கா.

எழுதி முடி மொதல்ல, செய்யுததைப் பொறவு பாப்போம்னேன். எங்க காலேஜ்ல ரெக்கார்டு நோட்டு ஒரு அழகு தம்பி. நீங்க பாத்திருக்கணும். வலது பக்கம் புரோகிராமு. இடது பக்கம் கோடு போடாத வெள்ளைத் தாள்ல அந்த வெப் பேஜ் எப்படி வரும்னு பென்சிலால வரையணும். பட்டன் வரையணும், படம் வரையணும், அடிக்கோடு போட்ட லிங்கை நீலப் பென்சிலால எழுதணும். ஸ்கேலு வச்சு வரையாதவன் நோட்டைத் தூக்கி வெளிய எறிஞ்சிருவேன். இவ என்ன செஞ்சா தெரியுமா? இடது பக்கத்துல செல்போன் மாதிரி ஒரு பெட்டி வரைஞ்சு கொண்டாந்திருக்கா. என்னட்டி இதுன்னா, "சார், இப்ப எல்லாரும் போன்லதான பாக்காங்க, போன்ல எப்படித் தெரியும்னு வரைஞ்சேன்" அப்படிங்கா. சிவப்பு மையில ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன்.

இன்னொண்ணு. வெப் பேஜ்ல எழுத்து இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடும் பாருங்க, டிவியில அடியில செய்தி ஓடுமே, அது மாதிரி. அதுதான் என் பாடத்துலயே உச்சம். வருசா வருசம் அந்த ஒரு வகுப்புக்குப் பிள்ளைங்க கை தட்டும். இவ எந்திரிச்சு, "சார், இதை இப்ப யாரும் பயன்படுத்துததே இல்ல" அப்படிங்கா. யாரும் இல்லையா? நான் பயன்படுத்துதேனே, நான் யாரு?

டீ வந்துட்டு, எடுங்க. சீனி கூடத்தான் இருக்கும், இந்த கேண்டீன்காரனுக்கு அதுவும் சொல்லிக்கொடுக்கணும்.

ஒயருக்கு முனை மாட்டுத கிரிம்பிங்கும் அப்படித்தான். கேபிளுக்குள்ள எட்டு ஒயரு இருக்கும், உங்களுக்குத் தெரியாததா. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளைன்னு அந்த வரிசையை நான் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுப்பேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பானுவ. இவ, "சார், அந்த டூலைக் கொடுங்க, ஒரு கேபிளு செஞ்சு பாக்கோம்" அப்படிங்கா. கொடுப்பனா? அந்த டூலு பீரோவுக்குள்ள கவரு பிரிக்காம இருக்கு. இன்ஸ்பெக்ஷனுக்கு வாரவங்களுக்குக் காட்ட வேண்டாமா? இவனுவ கையில கொடுத்தா ஒரே செமஸ்டர்ல தேச்சு வச்சிருவானுவ. அவ எங்கயோ இருந்து சொந்தமா ஒண்ணு கொண்டாந்து பெஞ்சுக்கு அடியில வச்சு மத்த பிள்ளைங்களுக்குக் காட்டிட்டு இருந்தா. பிடுங்கி அதையும் பீரோவுக்குள்ள வச்சிட்டேன்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன் தம்பி. பொறுக்க முடியாதது ஒண்ணு செஞ்சா.

லேப் மூலையில பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கெடந்துச்சு, அதை எடுத்துத் தொடச்சு ஒரு சர்வர் வச்சா. காலேஜ் வைஃபையில இருந்து யாரு வேணும்னாலும் பாக்கலாமாம். அதுல ஒரு வெப் பேஜ் போட்டா. பேரு "வகுப்பு உண்டா?" எந்த சாரு இன்னிக்கு வந்திருக்காரு, எந்த சாரு வரலன்னு அதுல தெரியும். வந்திருந்தா பச்சை, வரலன்னா சிவப்பு. கேட்டா, "ரெண்டு பஸ் மாறி வாரோம் சார், முன்னாடி வந்தவங்க போட்டுட்டா பின்னாடி வாரவங்க லைப்ரரிக்காவது போவாங்கள்லா" அப்படிங்கா. பயபுள்ளைங்க அத்தனை பேரும் காலையில காலேஜ் கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் அதைத்தான் பாக்குதானுவ. வாட்ச்மேன் வரைக்கும் பாக்குதான்.

அதுல என் பேருக்கு நேரா வாரம் பூரா சிவப்பு.

சிரிக்காதீங்க. எனக்கு வலிச்சுது தம்பி, பொய் சொல்லல. இத்தனை வருசம் இந்த நாற்காலியில உக்காந்து எத்தனை எஞ்சினியரை உருவாக்கியிருப்பேன். என் பேரை சிவப்புல போட்டு ஊருக்கே காட்டுதா. நான் வரலன்னு யாரு சொன்னா? வந்திருப்பேன். ஸ்டாஃப் ரூம்ல இருந்திருப்பேன். வகுப்புக்கு வரலன்னா காலேஜுக்கே வரலன்னு அர்த்தமா? மனுசனுக்கு ஆயிரம் சோலி இருக்கும்.

என் சோலி என்னன்னும் சொல்லுதேன், மறைக்க ஒண்ணும் இல்ல. மகளுக்கு வரன் பாக்குதேன். பி.இ. படிச்சிருக்கா, வயசு ஏறிட்டே போகுது. இப்ப எல்லாம் நெட்டுலதான பாக்க வேண்டியிருக்கு. இந்த ஸ்டாஃப் ரூம் சுவரு கோட்டைச் சுவரு மாதிரி, வைஃபை உள்ளயே வராது. மாப்பிள்ளை படம் நெத்தி வரைக்கும் வரும், அப்படியே நின்னுரும். நெத்தியை வச்சு ஒருத்தனை என்னன்னு முடிவு பண்ண? அதான் தூத்துக்குடிக்குப் போய் இந்த வைஃபை பெட்டியை வாங்கிட்டு வந்தேன். சொந்தக் காசு. காலேஜுக்கு என்னால ஒரு செலவு கிடையாது.

பெட்டிக்குப் பின்னாடி அஞ்சு ஓட்டை. நாலு மஞ்சள், ஒண்ணு நீலம். நெட்டு ஒயரு நீலத்துலதான்னு கடைக்காரன் என்னவோ சொன்னான், கடைக்காரன் சொல்லி நான் கேக்கணுமா, நெட்வொர்க் பாடம் நடத்துதவன்? சுவத்துல இருந்து வந்த காலேஜ் ஒயரை மஞ்சள்ல சொருகினேன். நாலு பேரு இருக்க இடம்தான நல்ல இடம். பச்சை லைட்டு எரிஞ்சுது. வேற என்ன வேணும்? என் போன்ல மாப்பிள்ளை முழுசா வந்தான். எப்பவாவது வரமாட்டான். அப்ப பெட்டியை அணைச்சுப் போட்டா வந்துருவான்.

அந்த வாரம்தான் காலேஜ் நெட்டு படுத்துச்சு. அந்த வாரம்தான் அவ சர்வரும் வச்சா. இது ரெண்டையும் சேத்துப் பாக்க பெரிய மூளை வேணுமா? ஆபீஸ்ல ஃபீஸ் கட்ட முடியல, லேப்ல ஒண்ணும் வரல. பாதி கம்ப்யூட்டர்ல வரும், பாதியில வராது. காலையில வரும், மத்தியானம் வராது. பேய் பிடிச்ச மாதிரி. நான் அன்னிக்கே சொல்லிட்டேன், அந்த சர்வரைத் தூக்கி வெளிய எறிங்கன்னு.

எறிஞ்சாச்சு. பொறவும் நெட்டு படுக்கத்தான் செஞ்சுது. அதைத்தான் நீங்க கேக்கப் போறீங்க, தெரியும். போறப்ப எதையாவது செஞ்சு வச்சுட்டுப் போயிருப்பா தம்பி. செய்வினை வைக்கவன் பக்கத்துலயா உக்காந்திருப்பான்?

ஒரு நாள் நானே அவளைக் கையும் களவுமாப் பிடிச்சேன். லேப்ல அந்த ஸ்விட்சுப் பெட்டி இருக்குல்லா, எல்லா ஒயரும் வந்து சேருத இடம், அதுக்கு முன்னால நின்னு ஒயரை ஒண்ணொண்ணா உருவிட்டு இருக்கா. பக்கத்துல ரெண்டு பிள்ளைங்க கம்ப்யூட்டரைப் பாத்துட்டு "இல்ல, இல்ல"ன்னு சொல்லிட்டு இருக்கு. ஸ்டாஃப் ரூம் ஒயரை உருவினதும் "வந்துட்டு"ன்னு கத்துச்சுங்க. ஏட்டி, என்ன செய்யுதன்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, கேபிளு கையில அப்படியே நிக்கா.

பயந்தான்னா நெனைக்கீங்க? பாடம் எடுக்கா எனக்கு! "சார், காலேஜ்ல இருக்க கம்ப்யூட்டருக்கெல்லாம் நம்பர் கொடுக்கது ஒரு பெட்டிதான். இப்ப ரெண்டாவதா ஒண்ணு எங்கயோ இருந்து நம்பர் கொடுக்கு. ஒரே பஸ்ஸுல ரெண்டு கண்டக்டர் டிக்கெட் கிழிச்ச மாதிரி சார். ரெண்டாவது ஆள்கிட்ட டிக்கெட் வாங்கினவன் பாதி வழியில எறங்க வேண்டியதுதான்." இப்படிச் சொல்லுதா. நெட்வொர்க்குன்னா பாடப் புத்தகத்துல ஏழு அடுக்கு. அந்த ஏழு அடுக்குல எந்த அடுக்குல தம்பி கண்டக்டரு வாராரு? நான் கேட்டேன். கேபிளைத் திரும்பச் சொருகிட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா.

அதோட விட்டாளா? அன்னிக்கே ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நிக்கா. உள்ள அத்தனை லெக்சரரும் உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கோம். "சார், உங்க மேசைக்கு அடியில ஒரு தடவை பாத்துக்கிடட்டுமா?" அப்படிங்கா. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. ஒரு பொம்பளப் பிள்ள, அத்தனை பேரு முன்னால, என் மேசைக்கு அடியில குனிஞ்சு பாக்கணுங்கா! எலக்ட்ரிகல் டிப்பார்ட்மென்ட்காரன் ஒருத்தன் சோத்தோட சிரிச்சான். நான் கையைக் கழுவாம நேரா பிரின்ஸ்பால்கிட்ட போயிட்டேன். ஒயரை உருவுனதைக் கண்ணால பாத்தேன் சார், இவளைப் பரீட்சை எழுத விட்டா நான் இங்க வேலை பாக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.

பிரின்ஸ்பால் நல்ல மனுசன்தான். மன்னிப்புக் கேட்டுட்டுப் போம்மான்னாரு. ஒரு வார்த்தை. "தப்புப் பண்ணிட்டேன் சார்"னு ஒரே ஒரு வார்த்தை. நான் விட்டிருப்பேன். சத்தியமா விட்டிருப்பேன். அவ சொல்லுதா, "நான் தப்பே செய்யலையே சார், எதுக்கு மன்னிப்பு? அவரு மேசைக்கு அடியில என்ன இருக்குன்னு யாராவது ஒருத்தர் பாருங்க."

அம்மைக்காரியைக் கூட்டிட்டு வரச் சொன்னோம். வந்துச்சு. உப்பு அரிச்ச காலு, செருப்பை வெளியவே விட்டுட்டு வந்து நிக்கு. சார், அது வாய்த்துடுக்கு புடிச்ச கழுதை, அந்த வேலையை நம்பித்தான் இருக்கோம், நீங்க பெரிய மனசு பண்ணணும்னு என் காலைத் தொட வந்துச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. எனக்கும் ஒரு மக இருக்கால்லா. சரி, போகட்டும்னு வாயைத் தொறக்கப் போறேன், இந்தப் பிள்ள அம்மைக் கையைப் புடிச்சு வெடுக்குன்னு தூக்கிட்டா. "எந்திரிம்மா. தெரியாதது அவருக்குத்தான், நீ எதுக்கு விழுத?"

தெரியாதது அவருக்குத்தானாம்.

அன்னிக்கு முடிவு பண்ணினேன் தம்பி, இவளை இந்த வாசப்படி தாண்ட விடக்கூடாதுன்னு. இப்ப நீங்க போய், பொதுவா ஏதோ கோளாறு, லைன்ல பிரச்சினைன்னு சொன்னாப் போதும். என் பெட்டி பேச்சை எடுக்க வேண்டாம். அவ பேச்சையும் எடுக்க வேண்டாம். யாருக்கும் நஷ்டம் இல்ல. அவ அடுத்த தடவை எழுதிட்டுப் போறா. இந்த வேலை போனா இன்னொண்ணு வராமலா போயிரும்?

என்ன, போனை எடுக்கீங்க? யாருக்கு? பிரின்ஸ்பாலுக்கா? தம்பி, நேர்ல போய்ப் பக்குவமா... டென்சிங் தம்பி, நான் இம்புட்டு நேரம் சொன்னது...

சொல்லிட்டீங்க. என் முன்னாலயே உக்காந்து, என் டீயைக் குடிச்சுட்டே சொல்லிட்டீங்க. "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல சார், அது சொன்னதுதான் சரி, ஸ்டாஃப் ரூம்ல ஒரு பெட்டியைத் தப்பாச் சொருகியிருந்தாங்க." சொருகியிருந்தாங்களாம். பேரைச் சொல்லாம மரியாதை கொடுக்கீங்களோ? ஸ்டாஃப் ரூம்ல இருந்து எடுத்ததுன்னா யாரு பெட்டின்னு அந்த லேத்து மிஷினுக்குக்கூடத் தெரியும். நீங்களும் அவளும் ஒரே சாதிதான் தம்பி. சாதின்னா அந்தச் சாதி இல்ல. ஒயரைப் பிடிச்சவன் எல்லாம் உலகத்தையே பிடிச்சதா நெனைக்க சாதி.

அந்தா பாருங்க, பியூன் போய்ச் சொல்லுதான் அவகிட்ட. ஒரு சிரிப்பு சிரிக்காளா? ஒரு குதி குதிக்காளா? குழாயடிக்குப் போய் மூஞ்சியைக் கழுவுதா. ரொம்ப நேரமாக் கழுவுதா. கழுவட்டும், கழுவட்டும்.

உக்காருங்க, கெளம்பிராதீங்க. ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோங்க. மத்தியான பேட்ச் உள்ளதான் அவ வாரா. வரட்டும். வெளிய இருந்து ஒரு எக்ஸாமினர் வந்திருக்காரு, அவரு பிரியாணி சாப்பிட்டுட்டு அசந்துருவாரு. இன்டர்னல் எக்ஸாமினர் யாரு தெரியும்லா? நான்தான். வைவா கேள்வி கேக்குதது நான்தான். எனக்கு முன்னால வந்து கையைக் கட்டிட்டுத்தான் நிக்கணும் அவ. எல்லாம் தெரிஞ்சவள்லா, பாப்போம்.

ஆனா ஏழு அடுக்கைக் கேட்டா ஒப்பிச்சிருவா. ஒயரு கலரைக் கேட்டாலும் சொல்லிருவா. எனக்குக் கைவசம் இருக்க கேள்வி அம்புட்டையும் அவ நோட்டுலயே எழுதி வச்சிருக்கா. நல்லா உறைக்க மாதிரி ஒண்ணு கேக்கணும், அவ முழிக்கணும்.

தம்பி, அந்தக் கதவைச் சாத்துங்க. நீங்க இதே தொழில்லதான இருக்கீங்க. நெட்வொர்க்குல நல்லா கஷ்டமா ஒரு கேள்வி சொல்லிட்டுப் போங்க.

மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். பதிலையும் சொல்லிருங்க.